இடையில நிக்கிறது ஆர்? ப்ரொக்ஸி சுவிச்சின் ஒரு சின்ன வரலாறு

விண்டோஸ் கொம்பியூட்டரில் செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க் பகுதிக்குள் இறங்கினால் 'ப்ரொக்ஸி' எண்டு ஒரு பக்கம் இருக்கும். கனபேர் அந்தப் பக்கத்தை வாழ்க்கையில ஒண்டு ரெண்டு தரம்தான் பாத்திருப்பினம். அதுவும், வைஃபை வேலை செய்யுது, வட்ஸ்அப் வேலை செய்யுது, பிரவுசர் மட்டும் 'ப்ரொக்ஸி சேர்வரோட இணைக்க முடியேல்ல' எண்டு அடம்பிடிக்கிற நாளில. தெரிஞ்ச ஆரையும் கேட்டால் "அதை ஓஃப் பண்ணு மச்சான்" எண்டு ஒரு வரியில பதில் வரும். ஓஃப் பண்ணினால் அநேகமா சரிவந்திடும். பிறகு ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்லை.

அந்தப் பக்கத்தில மூண்டு சுவிச் இருக்கு. முதலாவது, செட்டிங்கைத் தானே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுறது. ரெண்டாவது, ஒரு ஸ்கிரிப்ட் கோப்பின்ட முகவரியைக் கேக்கிறது. மூண்டாவது, ப்ரொக்ஸி சேர்வரின்ட முகவரியையும் போர்ட் இலக்கத்தையும் நாங்களே கையால எழுதுறது. மூண்டும் ஒரே நாளில வந்தவை இல்லை. கீழ கிடக்கிறதுதான் மூத்தது, 1994. நடுவில இருக்கிறது 1996. மேல இருக்கிறது, ஒருத்தரையும் கேக்காமல் விண்டோஸில் முன்கூட்டியே ஓனில இருக்கிறது, 1999.

ஒவ்வொண்டையும் ஒவ்வொரு தேவைக்காகச் செய்தவை. பிறகு வேற ஆட்கள் வேற தேவைக்கு எடுத்தினம். அதால 'ஓஃப் பண்ணு' எண்ட அந்தச் சின்ன வரிக்கும் காலத்துக்குக் காலம் அர்த்தம் மாறியிருக்கு. ஒரு காலத்தில ஓஃப் பண்ணினால் இணையமே இல்லை. இன்னொரு காலத்தில, எங்கட நாட்டில, ஓன் பண்ணினால்தான் சில செய்தி வாசிக்கலாம். இப்ப ஓஃப் பண்ணினபிறகும் இடையில ஆள் நிக்கிற நிலைமை.

ப்ரொக்ஸி எண்டால் என்ன எண்டு கம்பஸ் பெடியளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. லெக்சருக்கு வராத நண்பனுக்காக சைன் வைக்கிறதுக்குப் பெயரே 'ப்ரொக்ஸி அடிக்கிறது' தானே. இதுவும் அதுதான். உங்கட பிரவுசர் ஒரு தளத்துக்கு நேர போகாமல், நடுவில இருக்கிற ஒரு கொம்பியூட்டரிட்டச் சொல்லுது. அந்தக் கொம்பியூட்டர் உங்களுக்காகப் போய் பக்கத்தை எடுத்து வந்து தருது. தளத்தின்ட கண்ணுக்கு வந்தது அந்த நடு ஆள்தான், நீங்கள் இல்லை. நடு ஆளுக்கோ நீங்கள் எங்க போனீங்கள், என்ன கேட்டீங்கள் எண்டது முழுக்கத் தெரியும். இந்த ரெண்டு வசனத்துக்குள்ளயும் மிச்சக் கதை எல்லாம் அடங்கும்.

1994 மே மாதம் ஜெனீவாவில், செர்ன் ஆய்வுகூடத்தில், உலகளாவிய வலைக்கான முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. அதில ஆரி லூடோனன், கெவின் அல்டிஸ் எண்ட ரெண்டு பேர் வலை ப்ரொக்ஸிகள் பற்றி ஒரு கட்டுரை வைச்சினம். லூடோனன் செர்ன்காரர், அல்டிஸ் இன்டெல் கொம்பனிக்காரர். இன்டெல் மாதிரிப் பெரிய கொம்பனிகள் அப்பவே தங்கட உள் வலையமைப்பைச் சுத்தி பயர்வோல் கட்டியிருந்தவை. உள்ளுக்கு இருக்கிற கொம்பியூட்டர் வெளியில போகேலாது, வெளி ஆட்கள் உள்ளுக்கு வரேலாது. பாதுகாப்பு நல்லம்தான், ஆனால் புதுசா வந்த இந்த வலையை உள்ளுக்கு இருக்கிறவை எப்பிடிப் பாக்கிறது? ஒவ்வொரு பிரவுசரையும் பயர்வோலுக்கு ஏத்தமாதிரி பிரிச்சுத் திருத்த வேண்டியிருந்தது.

அவை சொன்ன வழி லேசு. பயர்வோல் வாசலில ஒரு கொம்பியூட்டரை இருத்துறது. பிரவுசருக்கு அதின்ட முகவரியை மட்டும் சொல்லிவிட்டால் போதும். லிங்ஸ் எண்ட எழுத்து மட்டும் காட்டுற பிரவுசரைச் செய்த லூ மொன்டுலியும் இந்த ஏற்பாட்டில சேர்ந்தவர். 'எச்டிடிபி ப்ரொக்ஸி' எண்ட பெயரில ஒரு மாறிக்கு முகவரியைக் குடுத்தால் பிரவுசர் அதை வாசிச்சு நடக்கும். இன்டைக்கு லினக்ஸில வேலை செய்யிற ஆராவது ஒபிஸ் வலையமைப்புக்குள்ள மாட்டுப்பட்டால், 30 வருசத்துக்குப் பிறகும், அதே மாறியைத்தான் எழுதுறார். கொம்பியூட்டர் உலகத்தில இவ்வளவு காலம் ஒரு பெயர் மாறாமல் நிண்டது குறைவு.

கவனிக்க வேண்டிய விசயம், அந்த ஆரம்பத்தில ப்ரொக்ஸி ஒரு கதவு. சுவருக்குள்ள இருக்கிறவையை வெளியில விடுறதுக்காக வைச்ச கதவு. ஓஃப் பண்ணினால் சுவர் மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கட்டுரையிலயே இன்னொரு பயனையும் சொல்லியிருக்கினம். ஒருத்தர் கேட்ட பக்கத்தை ப்ரொக்ஸி தன்னட்டச் சேமிச்சு வைச்சால், அடுத்தவர் அதையே கேக்கேக்க திரும்பப் போய் எடுக்கத் தேவையில்லை. 90களில வெளிநாட்டு இணைப்புக்குக் குடுத்த காசை நினைச்சுப் பாத்தால் இது சின்ன விசயமில்லை. ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மெல்லிய கோடு. நூறு பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் நூறு தரம் கடல் கடந்து போய் வாறதா? 1996-இல் ஸ்குவிட் எண்ட இலவச மென்பொருள் வந்தது. ஆரும் ஒரு பழைய கொம்பியூட்டரில அதைப் போட்டுத் தங்கட ப்ரொக்ஸியை நடத்தலாம். அதின்ட வழமையான போர்ட் 3128. கம்பஸ் லாப்பில படிச்ச மூத்தவையிட்ட இந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கோ, சிலபேருக்காவது முகம் மாறும். லாப்பில செட் பண்ணின லாப்டொப்பை வீட்ட கொண்டுபோனால் ஒண்டும் திறக்காது. வீட்டில ஓஃப், கம்பஸில ஓன், திரும்ப வீட்டில ஓஃப்.

இந்த அலுப்புக்குத்தான் நடு சுவிச். லூடோனன் செர்னை விட்டு நெட்ஸ்கேப் கொம்பனிக்குப் போனார். 1996-இல் வந்த நெட்ஸ்கேப் நவிகேட்டர் 2.0-இலதான் ஜாவாஸ்கிரிப்ட்டும் முதன்முதலா வந்தது. அந்தப் புது மொழியில ஒரு சின்னக் கோப்பு எழுதி வைச்சால், ஒவ்வொரு முகவரிக்கும் பிரவுசர் அதைக் கேட்டு நடக்கும்: இந்தத் தளத்துக்கு இந்த ப்ரொக்ஸியால போ, அந்தத் தளத்துக்கு நேர போ. பாக் கோப்பு எண்டு அதைச் சொல்லுவினம். எனக்கு அதில பிடிச்ச ஒரு சொல் இருக்கு, 'டைரெக்ட்'. கோப்பு அந்தச் சொல்லைத் திருப்பித் தந்தால் இடையில ஒருத்தரும் இல்லை, நேரடி. "முதலில இந்த ப்ரொக்ஸியைப் பார், அது எழும்பாட்டில் நேர போ" எண்டும் எழுதலாம். நடு ஆள் இல்லாமல் போற வழியையும் அந்த மொழிக்குள்ளயே ஒரு சொல்லா வைச்சிருந்தினம்.

அதே 1996-இல் சிங்கப்பூர் அதே ப்ரொக்ஸியை வேற விதமாப் பாத்தது. இணையத்துக்கு அனுமதிப்பத்திர முறை ஒண்டைக் கொண்டுவந்த அரசாங்கம், இணைய சேவை நிறுவனங்கள் எல்லாம் பாவனையாளரை ப்ரொக்ஸி வழியாத்தான் விடவேணும் எண்டு சொன்னது. ப்ரொக்ஸியில தடுக்க ஒரு பட்டியல், 100 தளங்கள். கோடிக்கணக்கான பக்கங்களுக்குள்ள 100 எண்டது ஒரு அடையாளம்தான், அவையும் அதை அப்பிடித்தான் சொன்னவை. ஆனால் அடையாளம் எண்டது சும்மா இல்லை. வாசலில ஒரு ஆள் நிக்கிறார், அவரிட்ட ஒரு பட்டியல் இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சால், பட்டியல் நீளமா கட்டையா எண்டது ரெண்டாம் பட்சம்.

சவூதி அரேபியா இன்னும் நேர்த்தி. 1999-இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறக்கேக்கயே, நாட்டின்ட முழு இணையமும் ரியாத்தில இருக்கிற மன்னர் அப்துல் அஸீஸ் விஞ்ஞான தொழில்நுட்ப நகரத்தின் ப்ரொக்ஸிகளுக்கூடாகத்தான் வெளியில போகும் எண்டு அமைச்சினம். 2002-இல் ஹார்வார்டைச் சேர்ந்த ஜொனதன் ஸிட்ரெய்ன், பெஞ்சமின் எடெல்மன் ரெண்டு பேரும் அங்க இருந்த சேர்வர்களுக்கூடாக 60,000-க்கு மேற்பட்ட பக்கங்களைச் சோதிச்சுப் பாத்து, 2,000-க்கு மேற்பட்டவை அடைபட்டிருக்கு எண்டு கண்டினம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில எடிசலாட் கொம்பனியின்ட ப்ரொக்ஸி முகவரியைப் பாவனையாளரே பிரவுசருக்குள்ள எழுதவேண்டியிருந்தது. அதாவது தணிக்கைக்காரரை நீங்களே கையால தட்டச்சுச் செய்து உள்ளுக்குக் கூப்பிடவேணும். ஓஃப் பண்ணலாம், சுவிச் உங்கட கையில. ஓஃப் பண்ணினால் இணையமில்லை, அவ்வளவுதான். இங்கயிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஆட்களைக் கேட்டால் அந்தத் தடைப் பக்கத்தைப் பற்றிக் கதை கதையாச் சொல்லுவினம்.

கட்டாரில நடந்தது கொஞ்சம் பகிடி. அங்க எல்லாரும் ஒரே கொம்பனி, அந்தக் கொம்பனியின்ட ப்ரொக்ஸியால போனால் வெளியில தெரியிறதும் ஒரே முகவரி. 2006 முடிஞ்சு 2007 பிறக்கிற நாளில, விக்கிப்பீடியாவில ஒருத்தர் குழப்படி செய்யிறார் எண்டு ஒரு நிர்வாகி அந்த முகவரியைத் தடுத்துவிட்டார். பிறகு பாத்தால் தடுபட்டது ஒருத்தர் இல்லை, ஒரு நாடு. விக்கிப்பீடியாவை வாசிக்கலாம், ஆனால் கணக்கில்லாமல் கட்டாரிலிருந்து ஒருத்தரும் திருத்தேலாது. சில மணித்தியாலத்தில தடையை எடுத்திட்டினம். ஒரு நாட்டுச் சனம் முழுக்க ஒரே முகத்தோட வெளியில போனால் இப்பிடித்தான்.

அதே 2007-க்கு எங்கட ஊருக்கு வருவம். அந்த வருசம் ஜூன் மாதம் இலங்கைக்குள்ள தமிழ்நெட் தளம் திறக்காமல் போச்சு. 1997-இல் தொடங்கின அந்த ஆங்கிலச் செய்தித்தளத்தின்ட ஆசிரியர்களில் ஒருவரான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில கொழும்பில கடத்திக் கொல்லப்பட்டவர். ரெண்டு வருசம் கழிச்சு தளத்தையே வாசிக்கேலாது. லண்டனிலயும் டொரொன்டோவிலயும் இருக்கிறவை அதைத் திறந்து யாழ்ப்பாணத்தில என்ன நடந்தது எண்டு வாசிக்கலாம். யாழ்ப்பாணத்தில இருக்கிறவர் வாசிக்கேலாது.

அப்பதான் கீழ இருக்கிற அந்த மூத்த சுவிச்சுக்கு எங்கட ஊரில மறுபிறப்பு. இணையத்தில இலவச ப்ரொக்ஸிப் பட்டியல்கள் கிடக்கும், இலக்கமும் போர்ட்டுமா வரிசை வரிசையா. ஒண்டை எடுத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரரில ஒட்டினால், உங்கட பிரவுசர் பிரேசிலில இருந்தோ தாய்வானில இருந்தோ போற மாதிரிப் போகும். தடை இலங்கை நிறுவனங்களின்ட கோட்டில, ப்ரொக்ஸி அதுக்கு அங்கால. முகவரியை எழுதினால் பக்கத்தை எடுத்துத் தாற வெப் ப்ரொக்ஸித் தளங்களும் இருந்தது. சவூதியில ஆளைத் தடுக்க நிண்ட அதே சாமான், இங்க தடையைத் தாண்டுற ஏணி. சாமான் ஒண்டுதான், ஆர் வைச்சது எண்டதில இருக்கு விசயம்.

ஏணிக்கும் ஒரு விலை இருந்தது. அந்த இலக்கங்களுக்குப் பின்னால ஆர் இருந்தது? சரியாப் பூட்டாமல் விட்ட ஏதோ ஒரு கொம்பனியின்ட சேர்வரா இருக்கலாம். வேணுமெண்டே திறந்து வைச்சு வாறவையின்ட பாஸ்வேர்ட் பொறுக்கிற ஆளா இருக்கலாம். அந்தக் காலத்தில கனக்கத் தளங்கள் குறியாக்கம் இல்லாமல்தான் இயங்கினது, நடு ஆளுக்கு எல்லாம் திறந்த போஸ்ட்காட். செய்தியொண்டை வாசிக்கிறதே ஆபத்தா இருந்த காலத்தில, அரசாங்கத்துக்குத் தெரியக்கூடாது எண்டதுக்காக முன்பின் தெரியாத ஆளொருத்தருக்கு எல்லாத்தையும் காட்டினம். வேற வழி பெருசா இருக்கேல்ல எண்டதும் உண்மை. அவையைப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

இலவச ப்ரொக்ஸிகளுக்கு ஆயுள் குறைவு. இன்டைக்கு வேலை செய்யிறது நாளைக்கு இல்லை. நெற் கஃபேயில ஒருத்தர் ப்ரொக்ஸி போட்டு வாசிச்சிட்டு எழும்பிப் போவார். பிறகு வந்து இருக்கிறவருக்கு கூகிள்கூடத் திறக்காது. கடைக்காரர் வந்து டூல்ஸ், இன்டர்நெட் ஒப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லான் செட்டிங்ஸ் எண்டு நாலு கிளிக்கில அந்த டிக்கை எடுத்துவிடுவார். அந்த டிக் ஒரு தடயமும்தான்.

அல்ட்ராசேர்ஃப் எண்ட சின்ன மென்பொருள் இதை இன்னும் லேசாக்கினது. சீனாவின்ட இணையத் தடையைத் தாண்டுறதுக்காக, அமெரிக்காவில இருந்த ஃபாலுன் கோங் இயக்கத்தைச் சேர்ந்த சீனர்கள் 2002-இல் செய்தது. இன்ஸ்டோல் பண்ணவே தேவையில்லை, பென் டிரைவில கொண்டு திரியலாம். திறந்தவுடன விண்டோஸின்ட ப்ரொக்ஸி இடத்தில 127.0.0.1, போர்ட் 9666 எண்டு தானே எழுதும். 127.0.0.1 எண்டால் உங்கட கொம்பியூட்டரேதான். பிரவுசர் பக்கத்து அறையில இருக்கிற அல்ட்ராசேர்ஃபிட்டச் சொல்லும், அது குறியாக்கம் செய்து வெளியில கொண்டுபோகும். மூடேக்க எழுதினதை அழிச்சிட்டு மூடும். அழிக்க முதல் கரண்ட் போனால்? எங்கட ஊரில அது நடக்காத விசயமா? திரும்பப் போட்டால் ப்ரொக்ஸி எழுதினபடி இருக்கும், அதுக்குப் பதில் சொல்ல அல்ட்ராசேர்ஃப் இருக்காது. "ஓஃப் பண்ணு மச்சான்" எண்ட மந்திரம் எங்கட தலைமுறைக்கு வந்து சேந்த வழிகளில இதுவும் ஒண்டு.

இதே காலத்தில போனுக்குள்ள வேற ஒரு ப்ரொக்ஸி வந்திட்டுது, ஒருத்தரும் அதை ப்ரொக்ஸி எண்டு சொல்லேல்ல. நோர்வேயின்ட ஒபேரா கொம்பனி 2005-இல் நோர்வேயிலயும் 2006 ஜனவரியில உலகம் முழுக்கவும் வெளியிட்ட ஒபேரா மினி. பட்டன் போனில ஜாவா இருந்தால் காணும். உண்மையில அது முழுமையான பிரவுசரில்லை. பக்கத்தைத் திறக்கிறது, சுருக்கிறது எல்லாம் ஒபேராவின்ட சேர்வர். போனுக்கு வாறது சுருக்கின சாரம்தான். டேட்டாவுக்குக் கிலோபைட் கணக்கில காசு போன காலத்தில அது பெரிய உதவி.

தமிழ் வாசிக்கிற எங்களுக்கு இன்னொரு உதவியும் செய்தது. அந்தக் கால போன்களில கனக்கத்தில தமிழ் எழுத்துருவே இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாத் தெரியும். ஒபேரா மினியின்ட முகவரிப் பெட்டியில 'ஒபேரா கொன்ஃபிக்' எண்டு ஆங்கிலத்தில, நடுவில முக்காற்புள்ளி வைச்சு எழுதினால் ஒரு மறைவான பக்கம் வரும். அதில, சிக்கலான எழுத்துக்களுக்குப் பட எழுத்துரு பாவிக்கவோ எண்டு கேக்கிற வரியை 'யெஸ்' எண்டு மாத்தினால், நோர்வேக்காரரின்ட சேர்வர் தமிழ் எழுத்துக்களைப் படமா வரைஞ்சு அனுப்பும். வலைப்பதிவு, செய்தி, கவிதை எல்லாம் ஒரு நோக்கியாவின்ட ரெண்டு அங்குலத் திரையில வாசிச்ச ஒரு தலைமுறை இருக்கு. எங்களுக்காகத் தமிழை எழுதித் தந்த நடு ஆள் எண்டு அதைச் சொல்லலாம். டேட்டா கொஞ்சம் கூட முடியும், அதைப் பற்றி ஆர் கவலைப்பட்டது.

ஒண்டு மட்டும். அந்த ப்ரொக்ஸிக்கு ஓஃப் இல்லை. ஓஃப் பண்ணினால் ஒபேரா மினியே இல்லை. பூட்டுப் போட்ட பக்கங்களையும் ஒபேராவின்ட சேர்வர்தான் திறந்து சுருக்கிப் பிறகு போனுக்கு அனுப்பினது. பாங்க் பாஸ்வேர்டை அதில அடிச்சவை எத்தினை பேர் எண்டு யோசிக்கேக்க கொஞ்சம் திக்கெண்டும் இருக்கும்.

இனி மேல் சுவிச், 'தானாகவே கண்டுபிடி' எண்டது. 1999-இல் இன்க்டோமி, மைக்ரோசொஃப்ட், சன், ரியல்நெட்வொர்க்ஸ் கொம்பனிகளின்ட ஆட்கள் சேர்ந்து எழுதின வரைவு. அதே வருசம் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இலயே அது உள்ளுக்கு வந்திட்டுது. நோக்கம் நல்லது: ஆயிரம் கொம்பியூட்டருக்கும் ஒவ்வொண்டா பாக் கோப்பின்ட முகவரியை எழுதித் திரியத் தேவையில்லை. கொம்பியூட்டர் எழும்பினவுடன தான் இருக்கிற வலையமைப்பைப் பாத்து "இங்க ப்ரொக்ஸி ஆர்?" எண்டு கேக்கும். 'டபிள்யூபிஏடி' எண்ட பெயரில ஆர் பதில் சொன்னாலும் அவர் சொன்னபடி நடக்கும்.

ஆர் பதில் சொன்னாலும். இந்த மூண்டு சொல்லுக்குள்ளதான் அடுத்த 17 வருசப் பிரச்சினை. பக்கத்தில பதில் இல்லாட்டில் கொம்பியூட்டர் ஒரு படி மேல போய்க் கேக்கும், பிறகு இன்னொரு படி. பல்கலைக்கழகமொண்டின்ட பெயரில தொடங்கி, அதுக்கு மேல 'ஏசி டொட் எல்கே' மாதிரிப் பொதுப் பெயரில போய்க் கேட்டால், அந்தப் பெயரை வாங்கி வைச்சிருக்கிற முன்பின் தெரியாத ஆள் "நான்தான்" எண்டு சொல்லலாமே? 1999 டிசெம்பரிலேயே மைக்ரோசொஃப்ட் இதுக்கு ஒரு ஒட்டு வெளியிட வேண்டிவந்தது. அது முழுசா அடைக்கேல்ல எண்டு 2007-இல் நியூசிலாந்தின்ட பொதுப்பெயரை வைச்சு ஒரு ஆய்வாளர் காட்டினார்.

2012 மே மாதம் ஃபிளேம் எண்ட உளவு மென்பொருள் வெளியில வந்தது, அதிகம் பிடிபட்டது ஈரானில. அது பரவின வழிகளில ஒண்டு இந்தச் சுவிச். ஒரு கொம்பியூட்டருக்குள்ள போயிருந்துகொண்டு, அதே வலையமைப்பில "ப்ரொக்ஸி ஆர்?" எண்டு கேக்கிற மற்றக் கொம்பியூட்டர்களுக்கு "நான்தான்" எண்டு பதில் சொல்லும். பிறகு அவை விண்டோஸ் அப்டேட் கேக்கேக்க, மைக்ரோசொஃப்ட் கையொப்பமிட்ட மாதிரித் தெரியிற போலிக் கோப்பாத் தன்னையே குடுக்கும். அப்டேட் போடுறது பாதுகாப்புக்கு எண்டுதானே எங்களுக்கு எல்லாரும் சொல்லித் தந்தது. 2016-இல் அமெரிக்க அரசின்ட கணினி அவசர நிலைப் பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது, மைக்ரோசொஃப்ட் கேக்கிற முறையை இறுக்கினது. சுவிச் இன்டைக்கும் அங்கதான், ஓனிலதான். வீட்டு வைஃபையில இருக்கிற உங்களுக்கு அது ஒரு வேலைக்கும் உதவாது. ஒபிஸில, கம்பஸில தேவையெண்டால் அங்க கேட்டுப் போடலாம்.

பழைய ப்ரொக்ஸியை உண்மையில ஓஃப் பண்ணினது இந்தச் சுவிச்சுகள் ஒண்டுமில்லை. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு வலை முழுக்கக் குறியாக்கத்துக்கு மாறத் தொடங்கினது. 2015 கடைசியில லெட்ஸ் என்கிரிப்ட் எண்ட அமைப்பு சான்றிதழ்களை இலவசமாக் குடுக்க, சின்னத் தளங்களும் மாறிச்சு. பூட்டுப் போட்ட பக்கத்தை நடு ஆள் சேமிக்கேலாது, வாசிக்கேலாது. தளத்தின்ட பெயர் தெரியும், உள்ளுக்கு என்ன எண்டு தெரியாது. கடித உறையை மட்டும் பாக்கிற தபால்காரர்.

அரசாங்கங்களும் சும்மா இருக்கேல்ல. 2019 ஜூலையில கசகஸ்தான் அரசு, தலைநகரத்து ஆட்களைத் தன்ர சான்றிதழ் ஒண்டைப் போனிலயும் கொம்பியூட்டரிலயும் போடச் சொன்னது. போட்டால் நடுவில இருந்து பூட்டைத் திறந்து பாத்திட்டுத் திரும்பப் பூட்டலாம். அடுத்த மாதமே கூகிள், மொசில்லா, அப்பிள் மூண்டும் அந்தச் சான்றிதழைத் தங்கட பிரவுசர்களில தடுத்துவிட்டினம். கவனியுங்கோ, இங்க ப்ரொக்ஸி பக்கத்துக்கு ஒருத்தரும் போகவே இல்லை. அந்த மூண்டு சுவிச்சும் ஓஃபில இருக்கேக்கயே நடு ஆள் உள்ளுக்கு வரலாம்.

எங்கட நாட்டில 2018 மார்ச்சில, திகனவில முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைக்குப் பிறகு, முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரமளவில அடைபட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகும் அடைபட்டது. 2022 ஏப்ரல் 3-ஆம் திகதி, கோட்டாபயவுக்கு எதிரான போராட்டத்துக்கு நாள் குறிச்சிருக்கேக்க, திரும்பவும். இப்ப ஆரும் இலக்கமும் போர்ட்டும் தேடித் திரியேல்ல. விபிஎன் எண்ட பட்டனை அமத்தினவை. தொழில்நுட்பத்தில விபிஎன்னும் ப்ரொக்ஸியும் ஒண்டில்லை, ஆனால் பாவிக்கிற எங்களுக்கு இடையில ஒரு ஆள் எண்டது ஒண்டுதான். 2022-இல் அப்ப அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே தான் விபிஎன் பாவிச்சுத்தான் எழுதுறன், இந்தத் தடையால பிரயோசனமில்லை எண்டு ட்விட்டரில போட்டவர். தடை போட்ட அரசின்ட அமைச்சரும் அதே ஏணியில.

2007-இல் கேக்க நேரமில்லாத கேள்வி திரும்ப வருது: ஏணியை வைச்சது ஆர்? முகநூல் 2013-இல் ஒனாவோ எண்ட கொம்பனியை வாங்கினது. 'உங்களைப் பாதுகாக்கிற' இலவச விபிஎன் எண்டு அதைக் குடுத்தது. ஆட்கள் எந்தெந்த அப்பை எவ்வளவு பாவிக்கினம் எண்டு அதுக்கூடாகத் தெரிஞ்சுகொண்டது. வட்ஸ்அப் எவ்வளவு வேகமா வளருது எண்டு முகநூல் இந்தத் தரவில பாத்துக்கொண்டிருந்தது எண்டதை 2018 கடைசியில பிரித்தானியப் பாராளுமன்றம் வெளியிட்ட ஆவணங்கள் காட்டினது. வட்ஸ்அப்பை அது வாங்கினது 2014-இல். 2018 ஓகஸ்ட்டில ஒனாவோ அப்பிளின்ட கடையிலிருந்து தூக்குப்பட்டது.

அதைவிட மோசமானதும் இருக்கு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் 911 எஸ்5 எண்ட வலையமைப்பை முடக்கினதா அறிவிச்சது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் மாதிரி இலவச மென்பொருள்களைப் போட்ட ஆட்களின்ட கொம்பியூட்டர்களே, அவைக்குத் தெரியாமல், ப்ரொக்ஸியா மாறியிருந்தது. ஏறத்தாழ 200 நாடுகளில 1 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட இணைய முகவரிகள். அந்த முகவரிகளைக் காசுக்கு வாங்கின களவுக்காரர், வேற ஆரின்டையோ வீட்டிலிருந்து வந்தமாதிரி வந்து மோசடி செய்தினம். தடையைத் தாண்ட ஏணி ஏறின ஆள், தான் அறியாமல் இன்னொருத்தர் ஏறுற ஏணி. பொலிஸ் தேடிக்கொண்டு வந்தால் வாறது அவரின்ட வீட்டுக்குத்தான்.

அதால உங்கட கொம்பியூட்டரில ப்ரொக்ஸி தானே ஓன் ஆகியிருந்தால், ஓஃப் பண்ணிப்போட்டு எழும்பிப் போகாதேங்கோ. முதல் அந்த இடத்தில என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ. 127.0.0.1 எண்டு இருந்தால் உங்கட கொம்பியூட்டருக்குள்ளதான் ஏதோ ஒண்டு இருக்கு, அல்லது இருந்து போயிருக்கு. குரோம் விண்டோஸின்ட செட்டிங்கைத்தான் பாவிக்கிறது. ஃபயர்பொக்ஸுக்குத் தனியா ஒரு இடம் இருக்கு, அதன் செட்டிங்ஸில ஆகக் கீழ நெட்வொர்க் செட்டிங்ஸ் எண்டு, அதையும் பாருங்கோ. மூண்டு சுவிச்சையும் ஓஃப் பண்ணி, கொம்பியூட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ. திரும்பவும் ஓனில நிண்டால் அதைப் போடுற ஒரு மென்பொருள் உள்ளுக்கு இருக்கு. கிட்டடியில இறக்கின இலவச விபிஎன், டவுன்லோடர், கிராக் பண்ணின கேம் இதுகளிலிருந்து தேடத் தொடங்குங்கோ. ஒபிஸ் லாப்டொப் எண்டால் கை வைக்க முதல் ஐடி ஆளைக் கேளுங்கோ, அது அவை போட்டதா இருக்கலாம். ஓஃபில நிண்டாலும் இன்னும் ஒரு பக்கம் பாக்க இருக்கு: நம்பப்படுற சான்றிதழ்களின்ட பட்டியல். அதில கனக்கத் தெரியாத பெயர்கள் வரும், பெரும்பாலானவை சரியானவைதான். ஆனால் நீங்கள் போட்ட மென்பொருளின்ட பெயரோ, ஒரு கடைக்காரரின்ட பெயரோ அதுக்குள்ள இருந்தால், அது அங்க என்ன செய்யுது எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.